உளுந்து அடுக்குக்கு அட்டையா, மீட்டரா?

யாங்கோன் மழையில் உளுந்து மூட்டையைக் காப்பது பெரும்பாடு. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் வந்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்ட அடுக்குகளுக்குள் டிஜிட்டல் மீட்டர், நிறம் மாறும் அட்டை இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டேன்.

மீட்டர் எண்ணையே சொல்லும், அது பெரிய வசதி. ஆனால் பேட்டரி தீரும், தூசி படிந்தால் கணக்கு தப்பும், அடுக்குக்கு ஒன்று வாங்கக் கட்டாது.

வழக்கமான அட்டை என்பது கோபால்ட் உப்பு ஊறிய நுண்துளைத் தாள். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் ஏறினால் ரோஜா நிறம். போன ஆடியில் பின்சுவர் அடுக்கில் அட்டையில் 60 சதவீத ஈரப்பதத்தைக் குறிக்கும் வட்டம் முழுக்க வெளிறி ரோஜாவாகிவிட்டது. உறைக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. பிரித்தால் அடிக்கோணி நசநசவென்று இருந்தது. நல்லவேளை, இரண்டு மூட்டையோடு போயிற்று.

கோபால்ட் குளோரைடு நச்சு; உணவுப் பொருளுக்கு அருகே கோபால்ட் இல்லாத அட்டையே வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் சரி.

என் தேர்வு அடுக்குக்கு ஓர் அட்டை, கிடங்குக்கு ஒரே மீட்டர். அப்புறம், மீட்டரைச் சோதிக்க மூடிய டப்பாவில் ஈர உப்போடு ஓர் இரவு வையுங்கள். 75 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்.