ஹெலி விழுந்ததா? "போர்டு எல்லாம் போச்சு" என்று சொல்லும் கடைக்குப் போகும் முன்

விழுந்த ஒரு ரிமோட் ஹெலிகாப்டரைச் சரிசெய்ததற்கு வந்த பில்லில் இருந்தது இதுதான்: ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு) 3,200, மோட்டார் 2,600, ஜைரோ (வாலை நிலையாக வைக்கும் கருவி) 4,500, லேபர் 800, சில்லறைச் சாமான் 450. மொத்தம் 11,550 ரூபாய். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு சர்வீஸ் கடை. பெயர் வேண்டாம், பேச்சைச் சொன்னால் போதும்: "உள்ளே எல்லாம் ஷார்ட் ஆயிடுச்சுண்ணா, எரிஞ்ச வாசனை வருது பாருங்க."

விழுந்தது 450 சைஸ் ஹெலி, 3எஸ் (மூன்று செல்) பேட்டரி. மணலிப் பக்கம் பொட்டலில் வால் தரையில் இடித்துக் கவிழ்ந்தது. பிளேடு இரண்டும் முறிந்தன, மெயின் கியரில் பல் போனது. அதன்பிறகு பேட்டரியை மாட்டினால் ரிசீவர் (ரிமோட் சிக்னலை வாங்கும் பெட்டி) விளக்கு எரியும், அணையும், திரும்ப எரியும். மூன்று வாரம் கழித்து வண்டி சரியாகி வந்தது. பழைய சாமான்களைத் திருப்பிக் கேட்டு இரண்டு நடை நடந்த பிறகு ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் ஈஎஸ்சி நல்லா இருக்கிறது, மோட்டாரும் நல்லா இருக்கிறது, ஜைரோவும் வேலை செய்கிறது. செத்திருந்தது கவரின் அடியில் கிடந்த ஒரு சைக்ளிக் சர்வோ (ஹெலியைச் சாய்க்க உதவும் சிறு மோட்டார்ப் பெட்டி) மட்டும். உண்மையான ரிப்பேர் அந்த 450 ரூபாய்ச் "சில்லறை"தான்.

விளக்கு எரிந்து அணைவதற்கும் ஈஎஸ்சி எரிவதற்கும் சம்பந்தம் குறைவு. ரிசீவருக்கு வரும் 5 வோல்ட் தடுக்கி விழுகிறது என்பதுதான் அதன் பொருள். கவரில் இருந்த சர்வோவின் சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவில் 2 ஓம் காட்டியது. (மலிவு மீட்டரில் முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அரை ஓம் வரை காட்டும், அதைக் கழித்துக்கொள்ளணும்.) 5 வோல்ட்டில் 2 ஓம் என்றால் 2.5 ஆம்பியரை அந்த ஒரு சர்வோவே விழுங்கும். பிஇசி (ஈஎஸ்சியில் இருந்து ரிசீவருக்கு 5 வோல்ட் தரும் பகுதி) தாங்குவது 3 ஆம்பியர். மீதி மூன்று சர்வோவும் ஜைரோவும் அசைந்ததும் மின்னழுத்தம் சரியும், ரிசீவர் அணையும், சுமை குறைந்ததும் மறுபடி உயிர் பெறும். பிளேடு தரையில் பட்ட நொடியில் ஸ்வாஷ்பிளேட் (பிளேடின் சாய்வை மாற்றும் தட்டு) சர்வோ கையை உதைக்கிறது. பல் உடைந்தோ இறுகியோ சர்வோ நின்றுவிடும். ஸ்டிக்கை விடாமல் பிடித்திருந்தால், நகர முடியாத சர்வோவுக்கு முழு மின்னோட்டமும் போய் உள்ளே இருக்கும் டிரைவர் சிப் வெந்துவிடும். எரிந்த வாசனை அங்கிருந்துதான் வந்தது. ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக மூக்கருகே வைத்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும். முதல் வேலை பேட்டரி. அடிபட்ட லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) அரை மணி கழித்துக்கூடத் தீப்பிடிக்கும், அதனால் கழற்றி மணல் வாளியில் வைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். உப்பியிருந்தாலோ உறை கிழிந்திருந்தாலோ மறுபடி சார்ஜ் போடக் கூடாது.

அடுத்து எல்லா சர்வோவையும் ஜைரோவையும் ரிசீவரிலிருந்து பிடுங்குங்கள். ஈஎஸ்சியையும் பிடுங்கிவிட்டு, 4 செல் 4.8 வோல்ட் நிக்கல் பேட்டரியால் ரிசீவரை மட்டும் எழுப்புங்கள். விளக்கு நிலையாக நின்றால் ரிசீவர் பிழைத்தது. பிறகு சர்வோ ஒவ்வொன்றாக மாட்டி ஸ்டிக்கை ஆட்டணும். எதை மாட்டும்போது விளக்கு படுக்கிறதோ அதுதான் குற்றவாளி. ஸ்பெக்ட்ரம் கம்பெனியின் சில ரிசீவர்கள், நடுவில் மின்சாரம் தடுக்கினால் அதன்பிறகு விளக்கை மினுக்கிக் காட்டும். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம், நடந்ததற்குச் சாட்சி அது.

வால் சர்வோவில் மட்டும் கவனம். சில வால் சர்வோக்கள் 760 மைக்ரோ செகண்ட் சிக்னலுக்குச் செய்தவை. அதைச் சாதாரண 1520 ரிசீவர் சேனலிலோ சர்வோ டெஸ்டரிலோ மாட்டினால் கை ஒரு ஓரத்துக்குப் போய் முட்டி நின்று, நல்ல சர்வோவே எரியும். அனலாக் சர்வோவை 333 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 333 சிக்னல்) ஓட்டினாலும் அதே கதிதான். கடையில் "டெஸ்டர்ல போட்டுப் பார்த்தேன், செத்துடுச்சு" என்றால், செத்தது டெஸ்டரில் போட்டதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள்.

ஈஎஸ்சி பற்றி. விழும்போது திராட்டில் ஹோல்டு (மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச்) போட்டீர்களா? போடாமல், நின்றுபோன மோட்டாருக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தால் மாஸ்ஃபெட் (மோட்டார் கரண்டைத் திறந்து மூடும் சிப்) எரிந்திருக்க வாய்ப்பு உண்டு. போட்டிருந்தால் சந்தேகத்தை வேறு பக்கம் திருப்புங்கள். சோதிக்க, பேட்டரியைக் கழற்றி ஒரு நிமிடம் விடுங்கள், கெபாசிட்டர் இறங்கட்டும். மோட்டாரின் மூன்று ஒயரையும் பிரிப்பது கட்டாயம். பிரிக்காவிட்டால் மோட்டார் சுருள் மூன்றையும் இணைத்துவிடும், எது கெட்டது என்றே தெரியாது. மீட்டரை வைக்க வேண்டியது, ஈஎஸ்சியில் பேட்டரி மாட்டும் சிவப்பு ஒயருக்கும் அதன் மூன்று மோட்டார் ஒயருக்கும், பிறகு கருப்புக்கும் மூன்றுக்கும்: ஆக 6 அளவு. சிவப்பில் எடுத்த மூன்றும் ஒன்றுபோல, கருப்பில் எடுத்த மூன்றும் ஒன்றுபோல வரணும். ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு இறங்கி பீப் அடித்தால் அந்தப் பக்க மாஸ்ஃபெட் போய்விட்டது. கவரில் வந்த ஈஎஸ்சியில் ஆறும் சுத்தம்.

உறுதி செய்ய, கார் பின்விளக்கின் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றைப் பேட்டரியின் சிவப்பு ஒயரில் தொடராக இணைத்து மாட்டுங்கள். பல்பு ஒரு மின்னல் அடித்து அணைந்தால் ஷார்ட் இல்லை. பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே கழற்றுங்கள். அப்போதும் 2 ஆம்பியருக்கு மேல் போகாது, அதனால் புகைக்குப் பதில் வெளிச்சம்தான் வரும். மோட்டாரை இணைக்கும் முன் பிளேடைக் கழற்றி, பினியனை (மோட்டார் தண்டில் இருக்கும் சிறு கியர்) மெயின் கியரிலிருந்து விலக்கிவிடணும். விரல் பத்திரம்.

மோட்டாரில் எந்த இரண்டு ஒயரும் பீப் அடிக்கும், எந்த ஒயரும் உலோகக் கூட்டோடு பீப் அடிக்கக் கூடாது. இரண்டிரண்டாகத் தொட்டுக்கொண்டு கையால் சுற்றினால் மூன்று ஜோடியிலும் ஒரே அளவு இறுக்கம் வரணும். சுருளின் ஓம் அளவை வீட்டு மீட்டர் பிடிக்காது, அந்தக் கணக்கைக் காட்டி விற்றால் நம்ப வேண்டாம். மோட்டார் திக்கித் திக்கிச் சுற்றினால் புல்லட் கனெக்டரின் சால்டரைப் பாருங்கள். காசிமேடு, எண்ணூர்க் கடல்காற்றில் அங்கே பச்சை பூத்து, ஒரு அதிர்ச்சியில் விரிசல் விட்டுவிடும். 20 ரூபாய் வேலை, இதற்கும் மோட்டாரே மாற்றியவர்கள் உண்டு.

ஜைரோ தொடக்கத்தில் சில நொடி அசையாமல் இருக்கணும். ஆடும் மேசையில் வைத்துவிட்டு "எழும்பல" என்றால் ஜைரோ மேல் தப்பில்லை.

கடைக்குக் கொடுத்தே ஆகணும் என்றால், கொடுக்கும் முன் ஒவ்வொரு சாமானிலும் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈஎஸ்சி போச்சு என்றால் அந்த 6 அளவையும் தாளில் எழுதிக் கேளுங்கள். பழைய சாமான் கைக்கு வந்த பிறகே பணம்.

இந்தப் பில்லைப் பற்றிக் கேட்டபோது கடையில், "புதுசு போட்டா உங்களுக்குத்தானே நல்லது" என்றார்கள். புது மோட்டாரை மட்டும் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பழைய ஈஎஸ்சியும் பழைய ஜைரோவும் அதே ஹெலியில் மறுபடி ஏறிவிட்டன. புதியவை இரண்டும் டப்பாவில் கிடக்கின்றன.