அப்பச்சியின் சாந்திக்கு இயந்திர யானை எடுத்தோம்

போன தை மாதம் கானாடுகாத்தானில் எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, அறுபதாம் கல்யாணம். வாசலில் யானை நிற்க வேண்டும் என்று அப்பத்தா ஆசைப்பட்டார்கள். 84 வயது. தன் கல்யாணத்துக்கு யானை வந்ததை இன்றும் சொல்வார்கள். மறுக்க மனசு வராமல் நான்தான் விசாரிக்க இறங்கினேன்.

முதலில் பேசிய ஏற்பாட்டாளர் உயிருள்ள யானையே தருவதாகச் சொன்னார். காலையில் லாரியில் வந்து இறங்குமாம், விருந்தாளிகள் தலையில் தும்பிக்கை வைத்து ஆசீர்வாதம் செய்யுமாம். உடைமைச் சான்றிதழ் உண்டா, வனத்துறை அனுமதி யார் வாங்குவது என்று கேட்டேன். “அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் ஆச்சி, நீங்க நேரத்தை மட்டும் சொல்லுங்க” என்றார். காகிதங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அதோடு அவரிடமிருந்து பதிலே இல்லை.

நான் கேட்டது வீம்புக்காக அல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியைப் போலவே யானையும் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் யாரும் வைத்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் வளர்ப்பு யானைகளுக்கென்றே 2011இல் தனி விதிகளும் வந்தன. ஆனால் காகிதம் சரியாக இருந்திருந்தாலும் என் மனசு ஒப்பியிருக்காது. தலையில் தும்பிக்கை வைப்பது யானைக்குத் தானாக வருகிற பழக்கமா? குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, கால்களைக் கட்டி, பட்டினி போட்டு, அங்குசத்தால் குத்தி, பயம் உடம்பில் ஊறிய பிறகு சொல்லிக்கொடுப்பதுதான் பழைய முறை. இந்த யானை சின்னதில் என்ன பட்டது என்று எந்தச் சான்றிதழிலும் எழுதியிருக்காது.

விலங்கை அடித்து வதைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். முதல் முறை மாட்டினால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்ற பட்டியலில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம், காளை எல்லாம் இருக்கின்றன, யானை இல்லை. வனவிலங்குச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தமோ, சான்றிதழ் உள்ள யானையை மதக் காரியத்துக்கோ ‘வேறு எந்த நோக்கத்துக்கோ’ கைமாற்றலாம், கொண்டுபோகலாம் என்கிறது. அந்த ‘வேறு எந்த’ என்பதை எடுத்தே ஆக வேண்டும்.

திருச்சூர் மாவட்டம் இரிஞ்சாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலுக்கு 2023இல் விலங்குரிமை அமைப்பான பீட்டா இயந்திர யானை கொடுத்த செய்தி ஞாபகம் வந்தது. தேடியதில் மதுரைப் பக்கம் ஒருவர் வாடகைக்கு விடுகிறார் என்று தெரிந்தது. ஒரு நாளுக்கு 22 ஆயிரம், வண்டிக்கூலி தனி.

சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். மூன்று பையன்கள் ஒன்றரை மணி நேரத்தில் பூட்டி நிறுத்தினார்கள். உள்ளே இரும்புச் சட்டம், மேலே ரப்பர் தோல். காது ஆடுகிறது, தலை அசைகிறது, வால் சுழல்கிறது, சுவிட்சைத் தட்டினால் தும்பிக்கை பன்னீர் தெளிக்கிறது. தோலின் சுருக்கமும் நெற்றியின் மயிரும் அவ்வளவு நேர்த்தி. கண் மட்டும் கண்ணாடிக் குண்டு மாதிரி, உயிரில்லை. மோட்டார் இரைச்சலும் உண்டு. நாதஸ்வரம் நின்ற நேரத்தில் முகப்பைத் தாண்டி வளவு (உள்முற்றம்) வரைக்கும் கேட்டது. கழுத்திரு (எங்கள் பக்கத்துத் தாலி) பூட்டும்போது அணைக்கச் சொல்லிவிட்டோம். எங்கள் தெருவில் சரளை அதிகம். சக்கரம் புதைந்து பலகை போட்டுத் தள்ள வேண்டியதாயிற்று. முன்பே சொல்லியிருந்தால் பலகை எடுத்து வைத்திருப்போம்.

ஆனால் வெடி வெடித்தது, மேளம் கொட்டியது, பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தார்கள். யாருக்கும் பயமில்லை. தார் ரோட்டில் யாருக்கும் கால் சுடவில்லை.

அப்பத்தாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தேன். தும்பிக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, “உடம்புல சூடு இல்லையேடி” என்றார்கள். குன்றக்குடி கோயில் யானை சுப்புலட்சுமியை நினைக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. கார்த்திகைதோறும் அவளுக்கு வாழைப்பழம் கொடுத்தவர்கள். 2024 செப்டம்பரில் கொட்டகையில் தீப்பிடித்து அவள் செத்துப்போன செய்தி கேட்டு அன்று முழுதும் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “சரி, இதுக்கு வலிக்காதுல்ல” என்று கேட்டார்கள். வலிக்காது என்றேன். திண்ணையில் நாற்காலி போடச் சொல்லி, பந்தி முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எடுக்க நினைப்பவர்கள் 15 ஆம்ப் பிளக் வாசல் பக்கம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஜெனரேட்டரில் ஓட்டினால் காது விட்டுவிட்டு ஆடுகிறது. அப்புறம், சின்னப் பிள்ளைகள் தூங்கிய பிறகு கழற்றச் சொல்லுங்கள். தும்பிக்கையைத் தனியாகக் கழற்றி லாரியில் வைத்ததைப் பார்த்து என் தம்பி மகள் அழுத அழுகை அடங்க ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது.