256 பைட்டுக்குள் பல்லாங்குழி: ஸ்பெக்ட்ரமோடு சில வருட அனுபவம்

பழைய ஹோம் கம்ப்யூட்டருக்குக் குட்டி விளையாட்டுகள் எழுதுவதைச் சில வருடங்களாகப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறேன். நான் எழுதுவது 1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே மாடலுக்கு. புதிதாக வருபவர்கள் மெஷினைத் தேடி அலைய வேண்டாம். ஸ்பெக்ட்ரம் போலவே நடிக்கும் ஃபியூஸ் எமுலேட்டரும், எழுதியதை மெஷின் மொழிக்கு மாற்றும் பாஸ்மோ அசெம்ளரும் போதும்; இரண்டும் இலவசம், பழைய லேப்டாப்பிலும் தாராளமாக ஓடும்.

முதலில் பேசிக் என்ற எளிய நிரல் மொழியில் பத்து வரி விளையாட்டு எழுதிப் பாருங்கள். அதிலேயே சிக்கனம் பழகிவிடும். ஸ்பெக்ட்ரம் பேசிக்கில் ஓர் எண்ணை எழுதினால், கண்ணுக்குத் தெரியும் இலக்கங்களோடு மறைவாக இன்னும் 6 பைட் ஒட்டிக்கொள்ளும். பூஜ்யம் என்று எழுதவே 7 பைட். ‘நாட் பை’ (NOT PI) என்று எழுதினால் மதிப்பு அதே பூஜ்யம், செலவு 2 பைட்தான். ஒன்றுக்கு ‘எஸ்ஜிஎன் பை’ (SGN PI).

அப்புறம் அசெம்ளி, அதாவது சிப்புக்கே நேரடியாகக் கட்டளை எழுதும் மொழி. எனக்கு ருசியே இங்கேதான். 256 பைட் என்று எல்லை போட்டுக்கொண்டு எழுதியதில் மனதுக்கு நெருக்கமானது பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு ஒரு பைட். பலகை முழுவதும் 14 பைட்டில் அடங்கிவிடும். முத்துப் போட்டுக்கொண்டே போய்க் கடைசிக் குழி தாண்டியதும் முதல் குழிக்குத் திரும்ப வேண்டும் அல்லவா? குழிகளை 0 முதல் 13 வரை வைத்தால், ஒவ்வொரு முறையும் 14 வந்துவிட்டதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு 8 பைட் ஆகும். குழிகளின் நினைவக முகவரியில் கீழ் பைட் 242-இல் தொடங்கி 255-இல் முடியும்படி வைத்தால் ஒப்பீடே வேண்டாம். 255-உடன் ஒன்று கூட்டினால் அந்தக் கீழ் பைட்டை வைத்திருக்கும் எல் ரெஜிஸ்டர் தானாகப் பூஜ்யமாகி, விடை பூஜ்யம் என்று காட்டும் இசட் கொடியும் எழும். அதைப் பார்த்து 242-க்குத் திரும்பினால் சரி. மொத்தம் 5 பைட். இந்த மாதிரி ஒன்று பிடிபடும் இரவில் தூக்கம் வராது.

திரையில் எழுத்து அச்சிடவும் துணை நிரலை அழைக்கும் மூன்று பைட் ‘கால்’ (CALL) கட்டளை தேவையில்லை. ‘ஆர்எஸ்டி 16’ (RST 16) என்ற கட்டளை ஒரே பைட்டில் செய்துவிடும். முத்து எண்ணிக்கையோடு, ‘0’ என்ற எழுத்தின் குறியீட்டு எண்ணான 48-ஐக் கூட்டி அப்படியே அச்சிடுகிறேன். பத்து முத்து சேர்ந்தால் இலக்கத்துக்குப் பதில் முக்காற்புள்ளி வரும். இரண்டு ஆட்டம் ஆடினால் கண் பழகிவிடும்.

உசிலம்பட்டியில் அம்மாச்சியிடம் லேப்டாப்பைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, “பசு எங்கய்யா?” என்றார். பசு என்றால், குழியில் நாலு முத்து சேர்ந்ததும் அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்ளும் விதி. அவர் கேட்டது நியாயம். பசு இல்லாமல் ஆட்டத்தில் விறுவிறுப்பே கிடையாது. மேலே சொன்ன வழிகளில் மிச்சம் பிடித்த பைட்டுகள் பசுவுக்குப் போயின.

இவ்வளவு சின்ன இடத்தில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு டேவிட் ஹார்னைச் சொல்வேன். 1கே நினைவகம் மட்டுமே உள்ள இசட்எக்ஸ்81-க்கு அவர் 672 பைட்டில் சதுரங்கம் எழுதினார். கம்ப்யூட்டரே எதிரில் உட்கார்ந்து ஆடும்!

நிஜ மெஷினும் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் ஆடும் சுகமே தனி, ஆனால் பராமரிப்பு உண்டு. கீபோர்டின் பிளாஸ்டிக் படலம் வருடம் ஆக ஆக நொறுங்கும். உள்ளே மின்னழுத்தத்தைச் சீராக்கும் 7805 ரெகுலேட்டர் சும்மாவே கொதிக்கும். மதுரைச் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். டவுன்ஹால் ரோட்டில் ஸ்விட்சிங் வகை ரெகுலேட்டர் வாங்கி மாற்றியதும் சூடு அடங்கியது. அடாப்டரில் மட்டும் கவனம் தேவை: ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட், பின்னின் நடுவில் நெகட்டிவ் வர வேண்டும். கடையில் சாதாரணமாகத் தருவதில் நடுவில் பாசிட்டிவ் இருக்கும், அதைச் செருகவே கூடாது. விளையாட்டை ஏற்ற டேப் ரெக்கார்டர் இல்லையே என்று கவலை வேண்டாம். ஒலிக் கோப்பைப் போனில் வைத்து, இயர் சாக்கெட்டுக்கு ஒரு வயர் இழுத்தால் ஏறிவிடும். 48கே விளையாட்டு ஏற ஐந்து நிமிடம் போல ஆகும், 256 பைட் அரை நிமிடத்துக்குள் ஏறிவிடும்.