பெரியப்பாவின் ரெனால்ட் 5

பம்புசெட் மோட்டாரைக் காயில் கட்டப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோகும் நாளில், வீட்டில் புதுக் கார் நின்றாலும் நான் சாவி எடுப்பது 1977-ஆம் ஆண்டு ரெனால்ட் 5 டிஎல் வண்டிக்குத்தான். பிரெஞ்சு ராணுவத்தில் ஓய்வு பெற்ற பெரியப்பா புதுச்சேரிக்குத் திரும்பியபோது கொண்டுவந்தது. அவர் காலத்துக்குப் பிறகு பதினொரு ஆண்டுகளாகப் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் இருக்கிறது.

பின்கதவைத் தூக்கிச் சீட்டை மடித்தால் மோட்டாரும் இரண்டு மூட்டைத் தேங்காயும் தாராளமாக ஏறும். வண்டியின் நீளமோ மூன்றரை மீட்டர்தான். ஸ்டெப்னி முன்னால் பானட்டுக்குள் போய்விட்டதால் பின்பக்கம் முழுவதும் சரக்குக்கு. இதை வரைந்தவர் மிஷேல் பூவே. வண்டி சந்தைக்கு வந்த 1972-ஆம் ஆண்டிலேயே இறந்துபோனார். பல லட்சம் பேர் இதை ஓட்டியதை அவர் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

இதன் உயிர் சஸ்பென்ஷனில் இருக்கிறது. வாய்க்கால் கரையிலும் தோப்பு வழியிலும் பள்ளங்களை மெத்தைபோல் வாங்கிக்கொள்கிறது. வளைவில் நன்றாகச் சாயும்; புதிதாக ஏறுபவர்கள் கைப்பிடியைத் தேடுவார்கள். ஆனால் டயர் பிடியை விடாது. சுருள் ஸ்பிரிங்கே கிடையாது, நான்கு சக்கரத்துக்கும் முறுக்குக் கம்பிகள், அதாவது முறுங்கித் திரும்பி ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யும் இரும்புக் கம்பிகள். பின்சக்கரங்களின் கம்பிகள் குறுக்காக, ஒன்றன்பின் ஒன்றாகக் கிடப்பதால் ஒரு பக்கத்து முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி மறுபக்கத்தைவிட 3 சென்டிமீட்டர் கூடுதல். இது தெரியாத ஒரு அலைன்மென்ட் கடைக்காரர், "வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது, சேஸிஸ் வளைந்துவிட்டது" என்று சொல்லி நிமிர்த்தப் புறப்பட்டார். நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன். இந்த வண்டியை யாரிடமும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

956 சிசி என்ஜின் இந்தச் சமவெளிக்குப் போதும். அது கியர்பாக்ஸுக்குப் பின்னால், நம் காலுக்கு முன்னால் இருக்கும் தடுப்புத் தகட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. கடைசி பிளக்கைக் கழற்றும்போது கை சிராய்க்காத நாளே இல்லை. பங்குனி, சித்திரை வெயிலில் அந்தச் சூடு காலுக்கு வந்துவிடும்.

ஸ்டியரிங் இடப்பக்கம். சைகைக் கருவி வேலை செய்தால் இப்படிப்பட்ட வண்டியை ஓட்ட 1988 மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கருவியை மாதம் ஒருமுறை சோதித்துவிடுவேன். கோபாலபுரம் சாலையில் வைக்கோல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் என் மனைவிதான் எட்டிப் பார்த்து, "இப்போது போங்கள்" என்பாள். அவள் இல்லாத நாளில் முந்துவதில்லை.

பம்பர் பிளாஸ்டிக். ஒருமுறை எருமை வந்து முட்டியும் ஒரு குழி விழவில்லை. மற்ற உடம்பு அப்படி அல்ல. பாலக்காட்டு மழைக்குத் தரைத்தகடும் கதவடிப் படியும் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வாங்க நினைப்பவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்காமல், மிதியடியைத் தூக்கித் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். என் வண்டியில் இடப்படியை வெட்டி ஒட்டியாயிற்று. வலப்படிக்குத் தகடு வாங்கி வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் முடித்தாக வேண்டும்.