கேஜ் எழுத்து மங்கினால்: ஒட்டு லென்ஸா, மாஸ்க்கிலேயே பொருத்தும் லென்ஸா?

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங். 18 மீட்டர் ஆழத்தில், சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் கேஜைப் பார்க்கிறேன். முள் 60-இல் நிற்கிறதா, 90-இல் நிற்கிறதா என்று பிடிபடவில்லை. கையை முழுக்க நீட்டியும் எண்கள் கலங்கலாகவே இருந்தன. வழிகாட்டியாகக் கூட வந்த டைவ் மாஸ்டர் என் கேஜைப் பிடித்துப் படித்து, விரல்களால் எண்ணைக் காட்டினார். 200 பார் காற்றழுத்தத்தோடு இறங்கி 50 பார் மிச்சத்தோடு மேலே வரவேண்டிய இடத்தில், என் காற்றின் அளவை இன்னொருவர் சொல்லி நான் தெரிந்துகொள்வது சரியில்லை. எனக்கு வயது 47. தூரத்தில் இருப்பதெல்லாம் தெளிவு. சாளேஸ்வரம் மட்டும்தான் பிரச்சினை.

தண்ணீருக்குள் எல்லாம் பெரிதாகத் தெரியுமே, அப்புறம் ஏன் படிக்க முடியவில்லை என்று பலர் கேட்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவது உண்மைதான். ஆனால் கால் பங்கு நெருங்கியும் தெரிகிறது. 40 செ.மீ. தள்ளிப் பிடித்த கேஜ், கண்ணுக்கு 30 செ.மீ. தூரத்தில் இருப்பது போலத்தான். கிட்டத்தில் குவிக்க முடியாத கண்ணுக்கு அது கூடுதல் சுமை. வெளிச்சமும் குறைவதால் கண்மணி விரிந்து மங்கல் அதிகமாகிறது. கேஜில் 50 பாருக்குக் கீழே உள்ள சிவப்புப் பட்டையை நம்பலாம் என்றால், சிவப்புதான் ஆழத்தில் முதலில் மறையும் நிறம். அந்தப் பட்டை கறுத்துப்போய்த் தெரியும். எண்ணைப் படித்தே ஆகவேண்டும்.

பெரிய எழுத்துத் திரையுள்ள டைவ் கம்ப்யூட்டர் ஒரு வழி. நல்ல வழிதான், ஆனால் செலவு அதிகம். காற்றின் அளவையும் அதிலேயே பார்க்க சிலிண்டர் பக்கம் தனியாக டிரான்ஸ்மிட்டர் வேண்டும். லேசான கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடி இல்லாமலே கேஜைப் படித்துவிடுவார்கள். அவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

கான்டாக்ட் லென்ஸை இரண்டே டைவில்தான் போட்டுப் பார்த்தேன், அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஒரு கண்ணுக்குத் தூரம், மறு கண்ணுக்குக் கிட்டம் என்று போட்டதில் கேஜ் படிக்க முடிந்தது. மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன், லென்ஸ் போய்விடுமோ என்ற பயம். தண்ணீர் பட்ட லென்ஸால் கண்ணில் தொற்று வரும் ஆபத்தும் உண்டு. போடுவதாக இருந்தால் மென்மையான, ஒருநாள் உபயோக லென்ஸாகக் கண் மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

மிஞ்சியது இரண்டு. ஒட்டு லென்ஸ் என்பது பிறை வடிவ மெல்லிய பிளாஸ்டிக். மாஸ்க் கண்ணாடியின் உள்பக்கம் கீழ்ப்பகுதியில் தண்ணீர் தொட்டு ஒட்டி, குமிழியை வழித்துவிட்டு, ஒரு நாள் காயவிட வேண்டும். விலை குறைவு, எந்த மாஸ்க்கிலும் ஒட்டும். முதல் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தொந்தரவு பராமரிப்பில் வந்தது. ஒவ்வொரு டைவுக்கும் முன்பு, ஆவி படியாமல் இருக்க எச்சிலோ பேபி ஷாம்பூவோ விட்டு உள்கண்ணாடியை விரலால் தேய்ப்போம். அந்த விரல் லென்ஸின் ஓரத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். அதைச் சுற்றிப் பதமாகத் தேய்த்தால் அங்கே ஆவி படியும்; அழுத்தித் தேய்த்தால் ஓரம் கிளம்பும். புதுச்சேரியில் ஒருநாள் மாஸ்க்கில் தண்ணீர் புகுந்து, ஊதி வெளியேற்றியதும் ஒரு முனை தூக்கிக்கொண்டது. அடியில் நீர் புகுந்து எண்கள் நெளிந்தன. மறுபடி ஒட்டிக் காயவைக்க ஒரு நாள் வேண்டும்; படகில் அடுத்த டைவுக்கு இருப்பதோ ஒரு மணி நேரம். எனக்கு முடிவைச் சொன்னது இந்தக் கணக்குதான்.

இப்போது வைத்திருப்பது, மாஸ்க்கின் கண்ணாடியையே கழற்றி மாற்றும் லென்ஸ். மேல்பகுதி சாதாரணம், கீழ்ப்பகுதி படிக்கும் பவர். அழுத்தித் தேய்க்கலாம், கழுவலாம், ஊதலாம், எதுவும் அசையாது. பவரைத் தேர்ந்தெடுக்கும்போது, கேஜ் பிடிக்கும் தூரத்தில் முக்கால் பங்கைக் கணக்கில் வைத்து அந்தத் தூரத்தில் பொடி எழுத்து படித்துப் பாருங்கள். எனக்கு 2.5 பொருந்தியது. பவளத்தில் ஊரும் விரல்நுனி அளவு கடல் நத்தைகளின் கொம்பு வரை தெரிந்தபோது, இத்தனை வருடம் எவ்வளவு தவறவிட்டிருக்கிறேன் என்று வருந்தினேன்.

குறைகளும் உண்டு. இரண்டு தனிக் கண்ணாடி உள்ள மாஸ்க்கில்தான் இது முடியும், அதே மாடலுக்கான லென்ஸாகவும் இருக்க வேண்டும். கண்ணில் சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாட்டிசம்) இருந்தால் ரெடிமேட் லென்ஸ் போதாது. பவருக்கேற்ப லென்ஸ் செய்து மாஸ்க்கில் ஒட்டித்தரும் இடத்தைத் தேட வேண்டும். அந்த வகையை நான் பயன்படுத்தியதில்லை. இன்னொன்று, டைவ் முடிந்து படகு ஏணியில் ஏறும்போது குனிந்து பார்த்தால் படிகள் மங்கும். கால் வைக்கும் முன் கையால் கம்பியைப் பிடித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒட்டு லென்ஸை நான் தூக்கி எறியவில்லை. உபரி மாஸ்க்கில் நிதானமாகக் காயவைத்து ஒட்டிப் பையில் வைத்திருக்கிறேன். முதல் மாஸ்க்கின் பட்டை அறுந்தால் அன்றைய டைவுக்கு அது போதும்.