வசந்த உடைகள்: உடுத்தித் துவைத்து எழுதுவது

வசந்த காலத்து உடைகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வாங்கி வந்த கையோடு எழுதிவிடுகிறார்கள். நிறம் பிரமாதம், வெட்டு அழகு, போட்டதும் பொருந்தியது என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. எனக்கு அது போதவில்லை. ஒரு சட்டை நல்ல சட்டையா என்பது அடுத்த வசந்தத்தில் அலமாரியிலிருந்து அதை மறுபடி எடுக்கும்போதுதான் தெரியும். அப்படி வருடா வருடம் எடுத்துப் போட்ட சில உடைகளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். ஒரு லினன் சட்டை, பூப்போட்ட விஸ்கோஸ் கவுன், கபர்டீன் கோட், கோடு போட்ட பனியன் துணிச் சட்டை. எல்லாமே நகரத்துக் கடைகளில் கண்ணில் பட்டு, தொட்டுத் தடவிப் பார்த்து வாங்கியவை.

வசந்தம் துணிமணிக்குக் கஷ்டமான பருவம். காலையில் கிளம்பும்போது 8 டிகிரி இருக்கும், மதியம் 20 டிகிரி ஆகிவிடும், நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மழை. நகரத்தில் இருந்தால் ரயில் பெட்டியின் புழுக்கமும் அலுவலகத்தின் ஏசியும் சேர்ந்துகொள்ளும். மேலுடையை ஒரே நாளில் பல தடவை போட்டுக் கழற்ற வேண்டும், கழற்றியதைப் பைக்குள் திணிக்க வேண்டும். குளிர்கால கோட்டுக்கோ கோடைச் சட்டைக்கோ இந்தப் பாடு கிடையாது. அதனால் வசந்த உடை எதை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, இது நனைந்தால் என்ன ஆகும், கசங்கினால் என்ன ஆகும் என்பதைத்தான். அழகு முக்கியம்தான், ஆனால் அதைக் கடைக்காரரே பார்த்துக்கொள்வார். நனைவதையும் கசங்குவதையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

லினன் சட்டைதான் எல்லாவற்றிலும் அதிகம் உழைத்தது. வெளிர் நீலம், சற்றுக் கனமான நெசவு. புதிதில் துணி விறைப்பாக இருந்தது, காலர் கழுத்தில் உரசியது. துவைக்கத் துவைக்க இளகி, இப்போது அது உடம்பில் விழும் விதமே வேறு. ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நார் இது. நனைந்தால் இந்த நாருக்குப் பலம் கூடும், குறையாது. அடிக்கடி துவைத்தும் துணி தளராமல் இருப்பதற்கு அதுதான் காரணம். ஈரத்தை வாங்கிக்கொள்வதிலும் லினன் கெட்டி. சாதாரண நிலையிலேயே தன் எடையில் சுமார் 12 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பருத்திக்கு அது ஏறக்குறைய 8.5 சதவீதம், பாலியஸ்டருக்கு வெறும் 0.4 சதவீதம். புழுக்கமான ரயிலில் நின்றுவிட்டுக் குளிர்ந்த தெருவில் இறங்கும்போது முதுகில் சட்டை ஈரமாக ஒட்டினால் அந்த நாளே கெட்டுவிடும். லினனில் எனக்கு அது நடந்ததில்லை.

கசங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. கனமான லினன் பெரிய, மென்மையான மடிப்புகளாகக் கசங்கும். அது பார்க்க நன்றாகவே இருக்கும். மெல்லிய லினன்தான் பொடிப்பொடியாகச் சுருங்கி அழுக்குத் துணியின் தோற்றத்துக்கு வந்துவிடும். கடையிலேயே துணியின் ஒரு ஓரத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து விட்டுப் பாருங்கள், எந்த வகை என்று உடனே தெரியும். நூலில் அங்கங்கே தடிப்பும் மெலிவும் இருந்தால் பயப்பட வேண்டாம், அது நாரின் இயல்பு.

அதிகம் பேசப்படாத இன்னொரு குறை உண்டு. லினன் நாருக்கு வளைந்து கொடுக்கும் குணம் குறைவு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்து அழுத்தி இஸ்திரி போட்டால், அந்த மடிப்பிலேயே நார் உடைய ஆரம்பிக்கும். என் சட்டையில் முதலில் நைந்தது முழங்கையும் இல்லை, அக்குளும் இல்லை. காலர் மடியும் கோடுதான். மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்க, அந்த ஒரு கோட்டில் மட்டும் நூல் வெளுத்துப் பிசிறடித்தது. தையல்காரர் காலரை முழுதாகப் பிரித்து, மறுபக்கம் மேலே வரும்படி திருப்பிப் போட்டுத் தைத்துக் கொடுத்தார். நைந்த பக்கம் அடியில் போய்விட்டது. சட்டைக்கு இன்னொரு ஆயுள். அதற்கப்புறம் காலரை விரித்துப் போட்டு, துணி கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே இஸ்திரி போடுகிறேன். மடிப்பைக் கையால் நீவி விடுவதோடு சரி.

விஸ்கோஸ் கவுன் இதற்கு நேர் எதிர். அன்று கடையில் தொட்ட எந்தத் துணியும் அவ்வளவு மெத்தென்று இல்லை. அடர் பச்சையில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ, நடந்தால் கூடவே அசையும். மரக்கூழை ரசாயனத்தில் கரைத்து நூலாக இழுக்கும் முறை இது. இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் 1892-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். ரேயான் என்று நாம் சொல்வதும் இந்தக் குடும்பம்தான். பருத்தியின் குளுமையும் பட்டின் சரிவும் ஒன்றாகக் கிடைப்பதால் வசந்த காலத்தில் கடை முழுக்க இதுவாகவே இருக்கும்.

ஆனால் நனைந்தால் விஸ்கோஸின் பலம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். என் கவுனில் இடுப்புத் தையலை ஒட்டி அது தெரிந்தது. தையல் பிரியவில்லை. குறுக்கே ஓடும் ஊடை நூல்கள் தையலை விட்டு நகர்ந்துபோய், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டும் வரிவரியாகத் தெரிந்தது. இறுக்கமான இடுப்பு, உட்காரும்போதெல்லாம் இழுபடும் இடம், மேலே துவைப்பு வேறு. நீளமும் முதல் வருடத்திலேயே குறைந்தது. அதற்காக விஸ்கோஸே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தொளதொளவென்ற வெட்டாக இருந்து, முறுக்கிப் பிழியாமல் துண்டுக்குள் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்தால் நன்றாகவே உழைக்கும். உடலோடு ஒட்டிய வெட்டு பிடித்திருந்தால் லியோசெல் பாருங்கள். அதுவும் மரக்கூழ்தான், கரைக்கும் முறை வேறு, நனைந்தாலும் பலம் பெரிதாகக் குறையாது. என் லியோசெல் பேண்ட் இன்னும் வாங்கியபோது இருந்த மாதிரியேதான் இருக்கிறது, தொடைப் பக்கம் கொஞ்சம் மினுமினுப்பு மட்டும் போயிருக்கிறது.

இனி கோட். பழைய உடைகள் விற்கும் கடை ஒன்றில் கிடைத்தது, மணல் நிறம், முழுப் பருத்தி கபர்டீன். இந்தத் துணியை 1879-ல் உருவாக்கியவர் இங்கிலாந்துத் துணி வியாபாரி தாமஸ் பர்பரி, காப்புரிமை 1888-ல். நெய்த பிறகு மேலே ரப்பர் பூசாமல், நூலையே முதலில் நீர் புகாதபடி பதப்படுத்தி, சாய்வரி நெசவில் மிக நெருக்கமாக நெய்தார்கள். அதனால் தூறல் உள்ளே வராது, உடம்புப் புழுக்கம் மட்டும் வெளியே போய்விடும். வசந்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணி எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தக் கோட்டை வெளியே பார்த்து வாங்கவில்லை, உள்ளே திருப்பிப் பார்த்து வாங்கினேன். தையல் ஓரங்களைப் பட்டித் துணி வைத்து மூடியிருந்தார்கள், ஒரு பிசிறு இல்லை. முன்பக்கப் பொத்தான் ஒவ்வொன்றுக்கும் உள்பக்கத்தில் ஒரு குட்டிப் பொத்தான், இரண்டையும் சேர்த்து ஒரே நூலில் தைத்திருந்தது. பொத்தானைப் பிடித்து இழுத்தாலும் பாரம் துணியின் மேல் விழாது, குட்டிப் பொத்தான் தாங்கிக்கொள்ளும். மேல் பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் நூலைச் சுற்றிச் சுற்றி ஒரு சின்னத் தண்டு மாதிரி விட்டிருந்தார்கள். கனமான முன்மடிப்பு அதற்குள் சுருங்காமல் உட்காரும். இவ்வளவு பொறுமையாகத் தைத்தவர் மற்ற இடங்களில் அவசரப்பட்டிருக்க மாட்டார் என்று நம்பினேன், கோட்டும் அப்படியே நடந்துகொள்கிறது.

மழையில் அது எப்படி என்று கேட்பவர்களுக்கு: தூறலில் துளிகள் உருண்டு ஓடிவிடும். அடித்துப் பெய்தால் தோள்பட்டை முதலில் ஊறும், குடை வேண்டும். துவைக்கத் துவைக்க நீர் விலக்கும் தன்மை மங்கும். அதற்கென விற்கும் ஸ்ப்ரே அடித்தால் ஓரளவு திரும்பி வரும். தேய்மானம் மணிக்கட்டு ஓரத்தில் ஆரம்பித்தது, அதை மெல்ல உள்ளே மடித்துத் தைத்தாயிற்று. அக்குளில் லைனிங் கிழிந்தது, அந்த இடத்துக்கு மட்டும் புதுத் துணி வைத்துக்கொண்டேன். புதிதாக விற்கும் ட்ரெஞ்ச் கோட்டுகளில் (பெல்ட் வைத்த நீள மழைக் கோட்டு) மெல்லிய பாலியஸ்டர் கலவை நிறைய. எடை குறைவு என்பது உண்மைதான், ஆனால் காற்றடித்தால் படபடக்கும், உள்ளே வியர்க்கும். லேபிளைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

கோடு போட்ட பனியன் துணிச் சட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதற்குப் பெருமை. பிரெஞ்சுக் கடற்படை 1858-ல் ஆணை போட்டுச் சீருடையில் சேர்த்த சட்டை இது: 21 வெள்ளை வரி, நடுவில் அதில் பாதி அகலத்தில் நீல வரி. கோடு இருப்பதில் ஒரு வசதி, தயாரித்தவரின் அக்கறை மறைய இடமில்லை. பக்கத் தையலில் முன் வரியும் பின் வரியும் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். வெட்டு சாய்ந்திருந்தாலோ பின்னலில் முறுக்கு இருந்தாலோ துவைத்ததும் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வரும். கோடு போட்ட துணியில் அது பளிச்சென்று தெரிந்துவிடும். கலவைத் துணியில் நூல் உருண்டை உருண்டையாகத் திரண்டு நிற்பது வேறு தொல்லை. முழுப் பருத்தியிலும் திரளும், ஆனால் தானே உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்திருந்தால் அந்த இழை பலமானது என்பதால் உருண்டையை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும்.

கடைக்குப் போகும் நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க், லண்டன், மிலன், பாரிஸ் நகரங்களில் வசந்த–கோடை உடைகளுக்கான அணிவகுப்பு முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபரிலேயே நடந்துவிடும். வெளியே இன்னும் குளிர் விறைக்கும்போதே கடைகளில் வசந்த உடை தொங்க ஆரம்பித்துவிடும். அளவு முக்கியம் என்றால் அப்போதே போங்கள். விலை முக்கியம் என்றால் பருவம் பாதி கடந்த பிறகு, மிச்சமிருக்கும் அளவுகளோடு சமாதானம் செய்துகொள்ளத் தயாராகப் போங்கள். பழைய உடைக் கடைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அலமாரியைக் காலி செய்பவர்கள் பருவம் மாறும்போதுதான் துணிகளைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வசந்த உடைக்கு இலையுதிர் காலத்தில் தேடினால் நல்ல பொருள் அகப்படுகிறது.

கடை விளக்கில் நிறத்தை நம்ப வேண்டாம். இரண்டு துணி விளக்கடியில் ஒரே நிறமாகத் தெரியும், வாசலில் பகல் வெளிச்சத்தில் வேறு வேறாக நிற்கும். வசந்தத்தின் வெளிர் நிறங்களில் இது இன்னும் மோசம். கேட்டால் பெரும்பாலான கடைகளில் வாசல் வரை எடுத்துப்போய்ப் பார்க்க விடுகிறார்கள். டிரையல் ரூமில் கண்ணாடி முன் நேராக நிற்பதோடு விடாமல் கைகளை மேலே தூக்குங்கள், உட்காருங்கள், பையைத் தோளில் மாட்டிப் பாருங்கள். தினமும் பை உரசும் தோளில் உப்பலாக வைத்த சுருக்கமோ மெல்லிய வலைத் துணியோ இருந்தால் அது சீக்கிரம் போய்விடும்.

பராமரிப்புக் குறியீடுகளையும் வாங்கும் முன்பே படியுங்கள். தொட்டிப் படத்துக்குள் 30 என்றிருந்தால் 30 டிகிரி வரை, கீழே ஒரு கோடு இருந்தால் மென்மையான சுழற்சியில். இஸ்திரிப் பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி குறைந்த சூடு, இரண்டு நடுத்தரம், மூன்று அதிகச் சூடு. தொட்டியின் மேல் குறுக்குக் கோடு போட்டு, வெறும் வட்டம் மட்டும் இருந்தால் வீட்டில் துவைக்க முடியாது என்று அர்த்தம். தினசரி போடும் வசந்த உடைக்கு அது சரிப்பட்டு வராது, எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

பருவம் முடிந்ததும் துவைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். வியர்வையும் கறையும் தங்கினால் மஞ்சளாகிவிடும். பூச்சிப் புழு தின்பது கம்பளியும் பட்டும்தான், லினனும் பருத்தியும் சுத்தமாக இருந்தால் அவற்றைப் பெரும்பாலும் சீண்டாது.

இப்போது தேடிக்கொண்டிருப்பது லைனிங் இல்லாத லினன் ஜாக்கெட். உள்ளே மறைக்க லைனிங் இல்லாததால் தையல் ஓரமெல்லாம் பட்டி வைத்து முடித்திருக்க வேண்டும். ஓரத்தில் நூல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மட்டும் அடித்து விட்டிருந்தால் கழற்றிக் கையில் போடும்போதெல்லாம் அது வெளியே தெரியும். கை நீளமோ இடுப்பளவோ கூடுதலாக இருந்தாலும் எடுத்துக்கொள்வேன், பிறகு பிடித்துக்கொள்ளலாம். தோள் மட்டும் சரியாக உட்கார வேண்டும், ஏனென்றால் தோளைப் பிரித்துத் தைக்கப் பெரும்பாலான தையல்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை.