சார்லட் சல்லன்பெர்கர் விமான அருங்காட்சியகம்: ஹட்சன் விமானத்தோடு ஒரு விமானியின் வாழ்க்கையும்

அமெரிக்காவில் வட கரோலைனாவின் சார்லட் நகரத்தில் இருப்பவர்களும் வேலை விஷயமாக இந்தப் பக்கம் வந்து போகிறவர்களும் ஒரு அரை நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம் இது, அதில் சந்தேகமே வேண்டாம். சார்லட் டக்ளஸ் விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. முன்பு கரோலைனாஸ் ஏவியேஷன் மியூசியம் என்ற பெயரில் இயங்கியது, 2019ல் மூடினார்கள், அப்புறம் 2024 ஜூனில் புது வளாகத்தில் சல்லன்பெர்கர் பெயரை வைத்துத் திறந்தார்கள். பெயரைச் சொன்னால் நம்மவர்கள் பலருக்குப் பிடிபடாது. 2009ல் பறவைகள் மோதி இரண்டு எஞ்சினும் நின்றுபோக, நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் பயணிகள் விமானத்தை இறக்கினாரே, அந்த விமானிதான்.

அந்த விமானம் இங்கேதான் நிற்கிறது. மாதிரி எல்லாம் இல்லை, அசல் ஏர்பஸ் ஏ320. நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்திலிருந்து சார்லட்டுக்குத்தான் கிளம்பியது. ஜனவரி 15 சாயங்காலம் வந்து சேர வேண்டியது, 2011 ஜூனில் லாரியில் ஏறி வந்து சேர்ந்தது! புதுசாகப் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்காமல் அடிபட்டது அடிபட்டபடியே வைத்திருக்கிறார்கள், அதற்காகவே இவர்களைப் பாராட்ட வேண்டும். மூக்குப் பக்கம் நின்று படம் எடுத்தவுடன் நகர்ந்துவிடாமல் வாலுக்குக் கீழே போய் அடிவயிற்றைப் பாருங்கள். தகடு கிழிந்து நசுங்கிக் கிடக்கும். தண்ணீரில் மோதிய வேகத்தில் பின்பக்கத்தில் ஒரு உலோகச் சட்டம் கேபின் தரையைப் பொத்துக்கொண்டு மேலே வந்து பணிப்பெண் ஒருவரின் காலைக் கிழித்தது. என்னமோ பூப்போல இறக்கினார் என்று டிவி பார்த்து நாம் நினைத்துக்கொண்டிருப்பது அந்த இடத்தில் நின்றால் போய்விடும்.

ஆனால் நான் சொல்ல வந்தது விமானத்தைப் பற்றி மட்டும் இல்லை. பறவை மோதியதிலிருந்து தண்ணீரைத் தொடும் வரை சுமார் மூன்றரை நிமிடம், வருகிறவர்கள் எல்லோரும் அந்த மூன்றரை நிமிடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு முன்னால் அந்த மனிதர் 42 வருடம் பறந்திருக்கிறார். அந்தக் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் டிக்கெட் காசுக்கு இரண்டு மடங்கு கிடைத்த மாதிரி இருக்கும்.

1951ல் டெக்சாஸில் டெனிசன் என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். பதினாறு வயதில், பயிருக்கு மருந்து தெளிக்கும் ஒரு விமானியிடம், அவருடைய புல் ஓடுபாதையில் ஓட்டக் கற்றுக்கொண்டார். அங்கே ஒரு நாள் மின்கம்பியைக் கவனிக்காமல் வந்து விழுந்து நொறுங்கிய ஒரு குட்டி விமானம் கிடந்தது, உள்ளே எட்டிப் பார்த்தால் ரத்தம். வேறு பையனாக இருந்தால் அத்தோடு கும்பிடு போட்டிருப்பான். இவர் அந்த ஆள் எங்கே தப்பு செய்தார் என்று யோசித்திருக்கிறார். பின்னாளில் விமானப்படையிலும் சரி, விமானிகள் சங்கத்திலும் சரி, விபத்து விசாரணைகளில் உட்கார்ந்தவர் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1973ல் அமெரிக்க விமானப்படை அகாடமியை முடித்தார், விமானம் ஓட்டுவதில் அந்த ஆண்டின் சிறந்த மாணவர் விருதோடு. அங்கே எஞ்சினே இல்லாத க்ளைடர் விமானமும் ஓட்டினார், அதனால்தான் எஞ்சின் இல்லாமல் இறக்க முடிந்தது என்று பலர் சொல்கிறார்கள், அதை அவரே ஏற்கவில்லை. அப்புறம் எஃப்-4 ஃபான்டம் போர் விமானம்; இங்கிலாந்தில் லேக்கன்ஹீத், நெவாடாவில் நெல்லிஸ் என்று இரண்டு விமானப்படைத் தளங்களில். இது இரண்டு பேர் ஏறும் விமானம், பின்சீட்டில் இருப்பவரும் நாமும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டு பேரும் காலி. கேப்டன் பதவி வரை வந்தார், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், பெரிய போர் ஒத்திகைகளில் அணியை நடத்தினார்.

அப்படிப்பட்டவர் 1980ல் பசிபிக் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸில் சேர்ந்தபோது என்ன கொடுத்தார்கள் தெரியுமா? போயிங் 727ல் ஃப்ளைட் எஞ்சினியர் சீட். முன்னால் இரண்டு விமானிகள் வானத்தைப் பார்த்து ஓட்ட, பக்கவாட்டுச் சுவரில் இருக்கும் மீட்டர்களைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டிய சீட். விமான கம்பெனிகளில் சீனியாரிட்டிதான் எல்லாம், சேர்ந்த தேதியை வைத்துத்தான் சீட், வழித்தடம், லீவு. முன்னால் போர் விமானம் ஓட்டினாயா என்று யாரும் கேட்பதில்லை. 1988ல் அந்த கம்பெனி யுஎஸ்ஏர் என்பதோடு கலந்தது, அதுதான் பிறகு யுஎஸ் ஏர்வேஸ். அங்கே காக்பிட்டில், அதாவது விமானிகள் அறையில், ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசி வேலை செய்வது என்பதற்கான பயிற்சியை உருவாக்குவதில் இவருக்கும் பங்கு உண்டு. விபத்தன்று அது கை கொடுத்தது. துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸை முதல்முதலாகச் சந்தித்ததே மூன்று நாள் முன்னால்தான். மூவாயிரம் அடி கூட எட்டவில்லை, இரண்டு எஞ்சினும் போய்விட்டது, இந்த மாதிரி ஆபத்தில் வரிசையாக என்ன செய்ய வேண்டும் என்று கையில் இருந்த செக்லிஸ்டோ இருபதாயிரம் அடிக்கு மேல் நடப்பதற்காக எழுதியது. சல்லன்பெர்கர் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டார், ஸ்கைல்ஸ் அந்தச் செக்லிஸ்ட் புத்தகத்தைப் புரட்டினார், யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. விமானத்தில் இருந்த 155 பேரும் பிழைத்தார்கள்.

என் மாமனார் திருச்சியிலிருந்து வந்திருந்தார், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பவத்துக்கு ஐந்தாறு வாரம் கழித்து நாடாளுமன்றக் குழு முன்னால் சல்லன்பெர்கர் என்ன சொன்னார் என்று நடந்துகொண்டே அவரிடம் சொன்னேன். சம்பளத்தை 40 சதவீதம் வெட்டிவிட்டார்கள், பென்ஷன் திட்டத்தையே எடுத்துவிட்டு அரசாங்க உத்தரவாதம் என்று பேருக்கு ஏதோ கொடுத்தார்கள், தன் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரட்டும் என்று நினைக்கிற ஒரு விமானியைக்கூடத் தனக்குத் தெரியாது என்றார். அவ்வளவு நேரம் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்த மாமனார் சட்டென்று திரும்பினார். "என்ன மாப்ளே சொல்றீங்க, இவருக்கே பென்ஷன் இல்லையா?" அதற்கப்புறம் அவர் வேறு எதையும் சரியாகப் பார்க்கவில்லை, வீடு வந்து சேரும் வரை பென்ஷன் பேச்சுதான். எனக்கும் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்று பட்டது. உலகமே கொண்டாடிய நேரத்தில், டிவி கேமராக்கள் முன்னால், தன்னை விட்டுவிட்டுத் தொழிலைப் பற்றிப் பேசினாரே, ஹட்சனைவிட அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அதைப் பற்றி ஒரு சுவர் முழுக்க எழுதி வைத்தாலும் நின்று படிப்பேன்.

மற்றபடி விமானங்கள் நிறைய இருக்கின்றன, 1936ல் கட்டிய பழைய ஹேங்கரும் (விமானம் நிறுத்தும் கொட்டகை) வளாகத்திலேயே உண்டு, விமானப் பைத்தியம் இருந்தால் நேரம் போவதே தெரியாது. இல்லாதவர்களுக்கு ஹட்சன் பகுதியே போதும். டிக்கெட் மலிவு என்று சொல்ல மாட்டேன், குடும்பத்தோடு போனால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். வார நாளில் போவது மேல். திறக்கும் நேரத்தை அவர்கள் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.